சிவப்பு மையில் ஆறு பற்கள்

யுத்தம் வந்து மலாயா வழி அடைபட்டதும், புதுக்கோட்டையில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கட்டாபெர்ச்சா வருவது நின்றுபோனது. அது ஒரு மரத்துப் பிசின். சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற வேண்டுமானால், வேருக்குள் ஓடும் நரம்பை எடுத்துவிட்டு அந்தக் குழாயை இந்தப் பிசினை வைத்துத்தான் அடைப்போம். அடைப்பில் மயிரிழைச் சந்து இருந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். அப்புறம் குறடுதான் வைத்தியம்.

ஜிங்க் பொடியைக் கிராம்புத் தைலத்தில் குழைத்த பசை கைவசம் இருந்தது. அது நொறுங்கிவிடும் என்று எனக்கு ஓர் எண்ணம்; எண்ணம்தான், சோதித்ததில்லை. பட்டணத்தில் படித்துவந்த கர்வம் வேறு. குங்கிலியத்தையும் தேன்மெழுகையும் உருக்கி நானே ஒரு பசை செய்தேன். ஊரார் வாயில் பரீட்சை பார்ப்பது தர்மமில்லை என்று, சொத்தை விழுந்திருந்த என் மனைவியின் கோரைப் பல்லில் அதை அடைத்தேன். சிரித்தால் தெரிகிற பல் அது. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள், "என்னங்க, புடுங்குன பல்லுல ரெண்டு பசையவும் அடைச்சு செவப்பு மையில போட்டு வச்சா என்ன? எது ஒழுகுதுன்னு தெரிஞ்சுருமுல்ல" என்றாள். கல்யாணத்துக்கு முன் டீச்சராக இருந்தவள். சிவப்பு மை ஆசை இன்னும் விடவில்லை என்று கேலி செய்தேன். என் பசை ஜெயிப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பல் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. என்னிடம் வருகிறவர்கள் பிடுங்கிய பல்லைத் துண்டில் முடிந்து எடுத்துப் போய்விடுவார்கள். "எம் பல்ல வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று குடுமியான்மலைக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். எப்படியோ ஆறு தேறின. மூன்றில் ஜிங்க், மூன்றில் என் பசை. வேர்நுனியை மட்டும் விட்டு மெழுகு பூசி மைப்புட்டிகளில் போட்டேன்.

"இன்னும் எத்தன நாளுங்க?" என்று அவள் தினமும் கேட்டாள். பொறுமை வேண்டும், இது சயின்ஸ் என்று அதட்டினேன்.

ஏழாம் நாள் காலை பற்களைக் கழுவி, நெடுக்கில் பிளந்தேன். ஜிங்க் அடைத்த மூன்றிலும் நுனியில் மட்டும் லேசான சிவப்பு. என் பசை அடைத்த முதல் பல்லில் மை பாதி வேர் ஏறியிருந்தது. மற்ற இரண்டிலும் உச்சிவரை. வெட்கத்தில் காது சுட்டது. உன் பல்லை மறுபடி திறக்க வேண்டும், பிடுங்கவும் நேரலாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வார்த்தை தேடிக்கொண்டே திரும்பினேன்.

அவள் ஏற்கெனவே துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

திறந்தேன். உள்ளே சீழ். நல்லவேளை, பிடுங்குகிற அளவுக்குப் போகவில்லை. ஒரு வாரம் மருந்து வைத்துக் கழுவி, ஜிங்க் பசையால் அடைத்தேன். பல் பிழைத்தது.

கடைசிப் பஞ்சை எடுக்கும்போது, "இத்தன நாளா வலிச்சிருக்குமே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க அடைச்ச மூணாம் நாளே வலிச்சுச்சு" என்றாள். "நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"