நிழல் மரத்து நிரை

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடியே அம்மாக்கண்ணு ஓட்டமும் நடையுமாகப் பெரட்டுக் களத்துக்குப் போகிறாள். அங்கே கங்காணி இராமையா வேலைக்குப் பேர் கூப்பிட ஏழு மணியாகும். இவள் ஆறேகாலுக்கே முதல் ஆளாக நிற்பாள். முதலில் வருபவர்களுக்குப் பிடித்த தேயிலை நிரை என்பது அவர் புதிதாகப் போட்ட சட்டம். அந்த மலையில் நிழல் மரங்களை ஒட்டி ஒரே ஒரு நிரைதான். மற்றதெல்லாம் மொட்டை வெயில்.

நாற்பத்தேழு வயது. அக்கரப்பத்தனையில் அவளைவிட வேகமாகக் கொழுந்தெடுப்பவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் அதிகம்.

அவளுக்கு ஆகாதவள் ஜெயந்தினி, கொழுந்தனின் மனைவி. பிறவியிலேயே நிறமற்ற தோல், வெளுத்த முடி. வெயில் பட்டால் கொப்புளிக்கும். முன்பெல்லாம் நிழல் நிரை கேட்காமலே அவளுக்குப் போகும். கொழுந்தன் தலவாக்கலைக்குப் போய், பாஹிம் கடையில் அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாங்கி வருவான். வெயிலுக்குப் பூசக் களிம்பு வேறு. அம்மாக்கண்ணுவின் கணவன் இருபது வருடத்தில் அவளுக்கு ஒரு குடைகூட வாங்கித் தந்ததில்லை.

"கொழுந்தெடுக்க வந்தாளா, கல்யாணத்துக்கு வந்தாளா? சூரியனுக்கு என் மேல மட்டும் பாசமாக்கும்!"

பெண்கள் சிரிப்பார்கள். ஜெயந்தினியும் சிரிப்பாள். "ஒங்க கறுப்ப எனக்குக் குடுங்கக்கா. தொப்பிய நீங்க வச்சுக்கங்க."

அந்தச் சிரிப்புதான் அம்மாக்கண்ணுவுக்கு இன்னும் எரியும்.

ஜெயந்தினியின் அண்ணன் விஜிதரனுக்கும் அதே தோல். வெயிலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவன். கன்னத்துப் புண்ணுக்கு மூன்று வருடம் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தான். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. போன ஐப்பசியில் அடக்கம் செய்தார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமையும் நிழல் நிரை அம்மாக்கண்ணுவுக்குத்தான். ஜெயந்தினி காதில் கட்டுடன் வந்தாள்.

"என்னடி, புதுத் தோடா?"

"ஆறாத புண்ணு இருந்திச்சேக்கா, அத ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டாங்க. புத்துநோயாம். ஆரம்பங்கிறதால தப்பிச்சேன். இனிமே வெயில்ல நிக்கவே கூடாதாம்."

வேலையை விட அவளுக்கு வழியில்லை. நிரையைக் கேட்டு வாங்க வாயும் வராது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு வெயிலுக்குள் இறங்கினாள்.

அம்மாக்கண்ணு நாலு கிள்ளு கிள்ளினாள். பிறகு கத்தினாள்.

"ஏய், இங்கிட்டு வா! இந்த நெரய நீயே கட்டிக்கிட்டு அழு. ஒரே அட்ட. மனுசி நிக்க முடியல."

மழை பெய்து மூன்று வாரமாகிறது. மண் புழுதியாகக் கிடந்தது. அம்மாக்கண்ணு குனிந்து, காய்ந்த கணுக்காலிலிருந்து இல்லாத அட்டையொன்றைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.