கோணல் லேபல் போத்தல்கள்

நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரே ஒரு மருந்துதான் தயாரானது. பழுப்பு நிறம், கடும் கசப்பு, பெருஞ்சீரக வாசனை. சில கசப்பு வேர்களைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, சீனிப் பாகு கலப்பார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில், முதலாளியின் முன்னோர் ஒருவர் தன் மருந்துக் கடையின் பின்னறையில் காய்ச்சத் தொடங்கியதாம். அதன் பிறகு செய்முறையை யாரும் மாற்றவில்லை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியிலும் மொன்றியலின் சில மருந்துக் கடைகளில், கீழ்த் தட்டில், அது விற்பனையில் இருந்தது. வாங்குபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

தொழிற்சாலை, பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் இருந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ரயில் பாதைக்கு அப்பால் ஒரு செங்கல் கட்டடம். சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில் பழைய விளம்பரங்களைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். சமிபாடின்மை, வாயு, பித்தம், ஈரல் மந்தம், தலையிடி, நித்திரையின்மை, நரம்புத் தளர்ச்சி, பெண்களின் பலவீனம், பூச்சித் தொல்லை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே போத்தல். கீழே, குணமானவர்களின் கடிதங்கள். இலங்கையில் ஒரு நாளிதழின் திருத்தும் மேசையில் இருந்து வந்தவன் நான். எல்லாக் கடிதங்களையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார் என்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்தது. ஒவ்வொருவரும் நெடுநாள் துன்பப்படுகிறார்கள், வைத்தியர்கள் கைவிடுகிறார்கள், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு போத்தல் தருகிறாள். எங்கள் பத்திரிகைக்கும் அப்படி விளம்பரங்கள் வந்ததுண்டு. காசு கட்டிய வரிகளில் கை வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

கனடாவில் யாரோ கை வைத்தார்கள். ஆதாரம் இல்லாத எதையும் லேபலில் போடக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது. நான் சேர்ந்த காலத்தில் நோய்களின் பட்டியல் போய், சமிபாட்டுக் கோளாறுக்கு மரபாகப் பயன்படுவது என்ற ஒரு வரி மட்டும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மிஞ்சியது. அதன் கீழே இன்னொரு வரி: ஒரு கிழமைக்கு மேல் உபாதை நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். நல்ல திருத்தம் என்று நினைத்தேன்.

லேபல் ஒட்டும் இயந்திரம் பழையது. பசை சூடேறும் வரை கோணலாக ஒட்டும். ஓடும் பட்டியின் முடிவில் நானும் மன்னார்க்காரர் ஒருவரும் நின்று, கோணலானவற்றை வெளியே எடுத்து வைப்போம். அவற்றைக் கழுவி மறுபடி ஒட்டுவது நட்டம் என்பதால் தொழிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதனால் எங்கள் தெருவில் தமிழர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளின் மேலெல்லாம் ஒரு கோணல் போத்தல் இருந்தது. மன்னார்க்காரர் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று பை திறந்து கொடுப்பார். மதுவின் வாசமே ஆகாது என்று சொல்லும் பெண்கள் இரவில் இரண்டு கரண்டி குடித்துவிட்டு நன்றாக நித்திரை வருகிறது என்பார்கள்.

மன்னார்க்காரரை நான் அண்ணை என்றே கூப்பிட்டேன். என்னைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மூத்தவர். கலியாணம் முடித்த அடுத்த வருடமே நாட்டைவிட்டு வந்தவர். அகதி வழக்கு வெல்லவும் நிரந்தர வதிவிடம் கிடைக்கவும் பல வருடங்கள் போயின. இப்போது மனைவியைக் கூப்பிடும் விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. ஊரில் சமாதான ஒப்பந்தம் பெயருக்குத்தான் இருந்தது. மன்னார்ப் பக்கம் ஒவ்வொரு கிழமையும் ஏதாவது வெடித்தது. தொலைபேசி அட்டை வாங்கி மனைவியுடன் பேசிவிட்டு வரும் நாட்களில் அண்ணை கோணல் லேபல்களையும் பட்டியில் போகவிடுவார்.

அந்தப் பனிக்காலத்தில் அவர் மருந்தைத் தானே குடிக்கத் தொடங்கினார். முதலில் சாப்பிட்ட பிறகு ஒரு மூடி. பிறகு சாப்பிடுவதற்கு முன்னும். பிறகு சாப்பாடு குறைந்தது, மருந்து குறையவில்லை. மேல் வயிற்றில் நெருப்பு மாதிரி என்றார். முகத்தில் எலும்பு தெரிந்தது. மேற்பார்வை பார்த்த கியூபெக் பெண், கொம்பனியின் முதல்தர வாடிக்கையாளர் நீர்தான் என்று அவரைப் பகிடி பண்ணினாள். அவரும் சிரித்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு அறையில் டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"மருந்துக் கொம்பனியிலை நிண்டுகொண்டு வேறை மருந்து தேடச் சொல்லுறீரோ?" என்றார்.

மேசையில் அவருடைய போத்தல் இருந்தது. அதை எடுத்து, வைத்தியரைப் பார்க்கச் சொல்லும் அந்தக் கடைசி வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நாள் முழுக்க அவர் கோணல் பார்த்து அனுப்புகிற லேபல். இரண்டு மொழியும் அவருக்கு வாசிக்க வராது.

கேட்டுவிட்டு, "அது வெள்ளைக்காரனுக்கு எழுதினது, தம்பி. அவன்ரை பைல் ஒண்டும் ஒருத்தற்றை மேசையிலையும் கிடக்கேல்லை" என்றார்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. மனைவியைக் கொழும்புக்குக் கூப்பிட்டு, இரத்தம் எடுத்து, நெஞ்சுப் படம் பிடித்திருந்தார்கள். வருபவளையே இவ்வளவு சோதிக்கிறவன் கூப்பிடுகிறவனைச் சும்மா விடுவானா என்பது அவருடைய கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் பதிவாகும், வருத்தம் பதிவாகும், வருத்தக்காரனால் பெண்சாதியைப் பார்க்க ஏலாது என்று விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். அவருடைய மாடிப் படிக்கட்டிலேயே சாட்சி இருந்தது. மேல் வீட்டுக்காரரின் நெஞ்சுப் படத்தில் பழைய கச நோயின் தழும்பு தெரிந்ததால் அவருடைய கோப்பு ஒரு வருடம் நகரவில்லை. அது அந்த மனிதர் தனக்கே விண்ணப்பித்த கோப்பு, வேறு விதி என்று சொல்லிப் பார்த்தேன். படம் படந்தானே என்றார்.

குடிவரவாளர்களுக்கு உதவும் ஒரு சிறு அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். கூப்பிடுகிறவருக்கு மருத்துவச் சோதனை கிடையாது, அவர் நோயாளி என்பதற்காக மனைவியின் விண்ணப்பத்தை மறுப்பதில்லை என்று அவள் தெளிவாகச் சொன்னாள். அன்றைக்கே வந்து அவரிடம் ஒப்பித்தேன்.

"உமக்கு அவ சொல்லுவா. உள்ளுக்கை இருந்து பைலைப் பார்க்கிறது அவவே?" என்றார். பிறகு, என்னை நோகச் செய்துவிட்டோமோ என்று நினைத்தவர் போல, "மனுசி வந்து இறங்கட்டும், தம்பி. அடுத்த நாளே போறன்" என்றார்.

மாசி மாதம் அளவில், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது, மருந்தின் நிறமாக்கும் என்று போகிற போக்கில் சொன்னார். மேற்பார்வைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இந்த மருந்து அப்படிச் செய்யாது, உடனே போகச் சொல்லு என்றாள். அதையும் சொன்னேன். வேலை இடைவேளைகளில் அவரிடம் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் அலுத்துப்போனது. கடைசியில் நான் செய்ததெல்லாம் அவருடைய பக்கத்துப் பெட்டிகளையும் தூக்கியதுதான். அதற்கு அவர் நன்றி சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை.

வைகாசியில் விசா வந்தது. விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். கதவு திறந்து அவர் மனைவி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தா. பச்சைச் சேலை, மேலே யாரோ கொடுத்த ஆண்களின் கம்பளிச் சட்டை. எங்கள் இருவரையும் பார்த்தா. முதலில் என்னைத்தான் உற்றுப் பார்த்தா. மற்றவரைத் தன் கணவர் என்று அடையாளம் காண அவவுக்குச் சற்று நேரம் எடுத்தது. அண்ணை சிரித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் காலை அவ எனக்குத் தொலைபேசி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ் என்று கேட்டா. நானும் போனேன். அண்ணையின் ஆங்கிலம் தொழிற்சாலைக்குப் போதும், டாக்டருக்குப் போதாது. அவசர சிகிச்சைப் பிரிவில் காலையிலிருந்து பின்னேரம் வரை மூன்று பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். அவ நேர வித்தியாசத்தில் கண் சொருகிச் சொருகி விழித்தா. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தா, தடிப்பு எவ்வளவு என்று அளப்பது போல.

டாக்டர் இளம் பெண். வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள்.

"ரெண்டு கிழமை எண்டு சொல்லும்" என்றார் அண்ணை.

"ரெண்டு கிழமையோ?" என்றா மனைவி. "மார்கழியிலை நத்தாருக்குப் போன் எடுக்கேக்கையே உங்கடை குரல் இறங்கிப்போய்த்தானே இருந்தது. தடிமன் எண்டு சொன்னீங்கள். திருப்பிக் கேட்டால் இங்கத்தைக் குளிர் எண்டீங்கள்."

நான் இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்தேன். டாக்டர் இரண்டாவதை எழுதிக்கொண்டாள். ஏன் இவ்வளவு காலம் வரவில்லை என்று கேட்டாள். கடுமையாகக் கேட்கவில்லை.

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு காரணத்தைச் சொன்னார். விண்ணப்பம், கோப்பு, மேல் வீட்டுக்காரரின் நெஞ்சுப் படம். மனைவிக்கு அது முதல் தடவையாகக் கேட்கிற கதை. நான் ஆங்கிலத்தில் சொன்னது டாக்டருக்கு விளங்கவில்லை. எந்தக் கோப்பு என்று திருப்பிக் கேட்டாள். நான் மறுபடி தொடங்கும்போது மனைவி கதைத்தா. குரல் உயரவில்லை.

"நான் அங்கை இன்னும் ஒரு வருசம் இருந்திருப்பன். ரெண்டு வருசமும் இருந்திருப்பன். இருந்து பழகினனான்தானே."

என்ன சொல்கிறா என்று டாக்டர் என்னைப் பார்த்தாள். அவர்களுக்குள் ஏதோ என்றேன்.

வயிற்றில் இருந்தது புண் அல்ல, புற்று. ஆனி மாதத்தில் இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அவர் தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை. இரண்டு பனிக்காலங்கள் இருந்தார், மூன்றாவது தொடங்குமுன் போய்விட்டார். முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் தோளை அசைத்தார். செய்தி திருத்திப் பழகியவனுக்கு அந்த அசைவை எந்த வரியில் போடுவது என்று தெரியவில்லை.

அந்த இரண்டாவது பனிக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அண்ணை வீட்டுக்குப் போயிருந்தேன். அரசின் பிரெஞ்சு வகுப்பில் அவர் மனைவிக்கு இடம் கிடைத்திருந்தது. அன்றைக்கு முதல் நாள். அவ போக மாட்டேன் என்று நின்றா. கஞ்சி யார் காய்ச்சுவது, மருந்து யார் கொடுப்பது என்று கேட்டா. இன்னொரு முறை விண்ணப்பித்தால் போயிற்று என்றா.

அண்ணை கட்டிலில் சாய்ந்து இருந்தார். கதைக்க முன்பு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கவோ உம்மை இங்கை கூப்பிட்டனான்?" என்றார். "நான் இருக்கேக்கை போய்ப் பழகும். வழி தெரியாட்டி வந்து என்னைக் கேட்கலாம்."

"நீங்கள் வழி சொல்லி நான் நல்லாய்ப் போய்ச் சேருவன்" என்றா அவ. ஆனால் கோட்டை எடுத்தா. கொப்பியை ஒரு கடைப் பையில் வைத்து, சப்பாத்தின் சிப்பை இழுத்து, கஞ்சி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் கொடுங்கோ என்று எனக்குச் சொல்லிவிட்டுப் படியிறங்கினா.

அவர் என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து யன்னலடிக்கு வந்தார். கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்தார். கீழே பஸ் தரிப்பில் அவ பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா, வரிசையில் கடைசியாக. மேலே பார்க்கவில்லை. பஸ் வந்தது. ஓட்டுநரிடம் அவ ஏதோ கேட்பதும், அவர் தலையாட்டுவதும், கதவு மூடுவதும் தெரிந்தன.

"ஏறிட்டா" என்றார் அண்ணை. பிறகு கட்டிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.