வளையல் அக்காவின் வீடியோ

மயிலாப்பூரில் ஒரு மனித உரிமை வக்கீலின் அலுவலகத்தில், புகார்களுக்குச் சாட்சியம் திரட்டுவது என் வேலை. அன்றைய விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் வீடியோவைப் பார்த்தார். "இது ஏஐ பண்ணது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தி.நகரில் தள்ளுவண்டியில் செல்போன் கவர் விற்ற இளைஞனை, வண்டியை அகற்ற வந்த காவலர் ஒருவர் லத்தியால் அடித்த வீடியோ அது. அவனுக்கு இன்னும் ஒரு காது கேட்கவில்லை. எங்களிடம் வேறு ஆதாரமும் இல்லை. பொய்ப் படங்கள் பெருகிவிட்டன என்பதற்காக, நிஜமாக அடி வாங்கியவன் எங்கே போவான்?

வெளியே வந்ததும், வீடியோவைக் கொடுத்த அவனுடைய அண்ணனைப் பிடித்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர் அவர்.

"நீங்க அதுல கை வெச்சீங்களா?"

"லைட்டாதான் மேடம். ஒரே ஆட்டமா இருந்திச்சு, மூஞ்சியும் கிளியரா இல்ல. ஏஐல போட்டு ஷார்ப் பண்ணேன். ஜட்ஜு பாக்கறது, நல்லா இருக்கட்டுமேன்னு."

மாப்பிள்ளையின் பருவை அழிக்கிற அதே அக்கறையோடு செய்திருக்கிறார். திட்ட வாய் வரவில்லை. கூடவே நின்ற தம்பி, அடிபட்டவன், அண்ணனின் போனை வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்.

"இன்னாண்ணா இது? காதுலருந்து ரத்தம் வழிஞ்சுதே, அத்தக் காணோம்."

அண்ணனின் முகம் சுண்டிப்போனது. தனக்கு வந்த பழைய பிரதியை, போனில் இடமில்லை என்று அழித்துவிட்டிருந்தார்.

அந்த வீடியோவை எடுத்தது, தி.நகரில் அவன் வண்டிக்கு எதிரே வளையல் விற்ற அக்கா. பயந்துபோய்க் கடையைத் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாற்றியிருந்தார். நான் போனதும் "நான் ஒண்ணும் எடுக்கல" என்றார். மறுபடி போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். விட்டேனா பார் என்று மறுபடியும் போய், அண்ணன் மெருகேற்றிய வீடியோவை ஓட்டிக் காட்டினேன்.

பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கோபம் வந்தது. "இன்னா கூத்து இது? சட்ட காலரு பூரா ரத்தம். நான் கண்ணால பாத்தேன்." இடுப்புப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். "பொய்யின்னா சொல்றாங்க? நானே வரேன்."

அடுத்த விசாரணையில் அவருடைய போனிலிருந்தே அது ஓடியது. ஒரே மங்கல், ஒரே ஆட்டம். பாதி நேரம் தரைதான் தெரிந்தது. ஆனால் ரத்தம் இருந்தது. தம்பி, கேட்கிற காதை அக்கா பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

"இப்படி ஆடுற படத்த எப்படிம்மா நம்பறது?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"அவரு அடிச்சிக்கினு இருந்தாரு. நான் பயந்துகினே எடுத்தேன். கை நடுங்காதா சார்?"

வக்கீல் ஏதோ காகிதத்தைப் புரட்டிவிட்டு உட்காரப்போனார். அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"இன்னும் கேளு சார். நான் இங்கதான் கீறேன்."