உப்பேறிய கட்டை

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைக் கோணிக் கிழிசலில் சுற்றி வைத்திருந்தேன். உப்பளத்து அலுவலகத்தில் துருப்பிடித்த இரும்பு கிடப்பது யாருக்கும் அதிசயமில்லை. மரக்காணத்தில் துருப்பிடிக்காத இரும்பைப் பார்த்தால்தான் அதிசயம். அதனால் மூன்று வருடமாக யாரும் அது என்னவென்று கேட்கவில்லை. என் அக்கா வீட்டு அடுப்பின் புகைக்குழாய் அது.

அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். துபாயில் ஒரு சமையல்கூடத்தில் பன்னிரண்டு வருடம் வெந்துவிட்டு, ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கியவர், இனி எங்கும் போவதாக இல்லை என்றார். அனுமந்தைக்குப் போகும் வழியில், உப்பளத்துக்குப் பின்னால், அவர்களுக்கு ஒரு ஏக்கர் நிலமும் ஷீட் போட்ட சின்ன வீடும் இருந்தன. வேலிக்காத்தான் முள்ளைத் தவிர எதுவும் வளராத நிலம். "அந்த முள்ளுதாம்பா இனிமே நம்ம கேஸ் சிலிண்டரு" என்றார் மாமா. சமையல், வெந்நீர், மார்கழிப் பனியில் ஆட்டுக்குட்டிகளுக்குக் கதகதப்பு எல்லாமே விறகில். கறிக்கு வீட்டு ஆடு. மனிதர் எல்லாவற்றையும் விமானத்திலேயே யோசித்து முடித்திருந்தார்.

அக்கா இரண்டு நாள் அந்த நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. மூன்றாம் நாள் காலையில் எங்கள் இருவருக்கும் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆடு வளக்கலாம், அறுக்கலாம், நானே கொழம்பு வைக்கிறேன். ஆனா பொகை மட்டும் வூட்டுக்குள்ள வரக்கூடாது. வந்துச்சு, அன்னைக்கே தம்பி வூட்டுக்குப் போயிடுவேன்."

மாமா அதைக் கோர்ட் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். செங்கல் அடுப்புக்கு இரும்புக் கதவு, அதிலிருந்து வெயிலுக்காக அடித்திருந்த சிமெண்டு அட்டை சீலிங்கைத் துளைத்து, ஷீட்டுக்கு மேலே போகும் தகட்டுக் குழாய். முதல் நாள் அடுப்பை மூட்டிவிட்டு, வெள்ளைத் துண்டு ஒன்றை அடுப்படியில் நாள் முழுக்கக் காயப்போட்டார். சாயங்காலம் அதை அக்கா முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். ஒரு பொட்டுக் கரி இல்லை. அக்கா அந்தத் துண்டாலேயே அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

ஒரு மாதம் போனது. முள் வெட்டும்போது மாமாவின் உள்ளங்கையில் முள் ஏறி, கை பன் ரொட்டி மாதிரிப் புடைத்துக்கொண்டது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். உப்புப் பாத்திகளின் வரப்பு மழையில் சரியாமலிருக்க ஓரமாகச் சவுக்குக் கம்பு அடித்திருப்போம். மாற்றும்போது பழைய கம்புகள் மலையாகக் குவியும். "சும்மாதான் கெடக்குது மாமா, டிராக்டர்ல அனுப்புறேன்" என்றேன். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் குடித்த கட்டை. காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். எரியும்போது தீ நல்ல மஞ்சளாக இருக்கும். அடுப்பை விட ஆடுகளுக்குத்தான் அந்தக் கட்டை மேல் ஆசை. விறகுக் குவியலைச் சுற்றி நின்று நக்கிக்கொண்டே இருக்கும். "பாரு, இந்தக் கறிக்கு உப்பே போட வேணாம்" என்று அக்கா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தினமும் கண்ணால் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அக்கா ஆடுகளுக்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் கறி தொண்டையில் இறங்காது என்பாள். தீபாவளிக்கு முதல் கிடாயை அறுத்தபோது, முந்தின நாளே அதன் கழுத்தைத் தடவித் தண்ணீர் காட்டிவிட்டு, மறுநாள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வருடம் அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தது. படுத்தால் அதிகம், வெளியே வந்தால் கொஞ்சம் தேவலை. விறகடுப்பு உள்ள வீட்டில் புகை வாசனை துணிமணியில் எப்போதும் இருக்கும். அதை யாரும் தனியாக மோந்து பார்க்கவில்லை. வானூரில் ஒரு டாக்டர், வீட்டில் ஆடு மாடு உண்டா என்று கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு, "ஆட்டு முடிதான் சார்" என்றேன். டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மறுவாரமே மாமா பதினொரு ஆட்டையும் ஒரே வியாபாரிக்குத் தள்ளிவிட்டார். வண்டி கிளம்பும்போது அக்கா அழுதாள். "கறிக்கு வளத்த ஆடுதானம்மா" என்றார் மாமா. "நம்ம கையால அறுத்துத் துன்றது வேற. இவன் எங்க கொண்டுபோறான்னே தெரியலையே" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. உள்ளேயே படுத்துக் கிடந்தாள். இருமல் நின்றபாடில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது, கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் என் தோளில் சாய்ந்திருந்தவள் கனத்துப் போனாள்.

காரியம் முடிந்ததும், "அந்த அடுப்பைப் பிரிச்சுடுப்பா, என்னால பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு மாமா வெளியே போய்விட்டார். சீலிங்கை நான் தனியாகத்தான் கழற்றினேன். அதன் மேல்பக்கம் அடுப்படியிலிருந்து படுக்கையறை வரை ஒரே கரி. கண்ணில் படாத அந்த இடத்தில் உப்புப் புகை அரித்துக் குழாய் சல்லடையாகிப் போயிருந்தது. தொட்டதும் ஒரு முழம் என் கையோடு வந்தது. புகை வந்தால் என் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொன்னவள். அட்டை இடுக்குகள் வழியாகப் புகை வந்தது, அவளுக்கே தெரியவில்லை. அன்று மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கோழை என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

போன வாரம் அக்காவுக்குத் திதி. இலை போட்டுச் சாப்பிட்டு முடித்ததும், வருடா வருடம் சொல்வதையே மாமா சொன்னார்: "ஆட்டை முன்னாடியே வித்திருக்கணும் மச்சான். நான்தான் லேட் பண்ணிட்டேன்." இரண்டு வருடம் தலையாட்டிவிட்டு வந்தவன், இந்தத் தடவை பையிலிருந்து கோணியை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். நான் அனுப்பிய கட்டை, உப்பு, சீலிங்கின் கரி, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா குழாய்த் துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓட்டைகள் வழியாக அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழுந்தது. துண்டைக் கோணி மேல் வைத்தார். பிறகு வெறுமையாகக் கிடந்த கொட்டகைப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அப்ப அவ அழ அழ அந்த ஆட்டையெல்லாம் ஏன்பா வித்தேன்?"