கண்டக்டர் சார் வராத சனிக்கிழமை

அந்தப் பழுப்புத் தோல் செருப்பு எந்த வாசலில் கிடந்ததோ, அந்த வீட்டுக்குள் கண்டக்டர் சார் இருக்கிறார் என்று அர்த்தம். டவுன் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு மரக்குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் செயலாளர். அதாவது, நகைச்சுவையாக எழுதுகிறேன் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்ததால் நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. புவி வெப்பமாவதைப் பற்றி நான் உருகி எழுதிய நோட்டீஸ்களில் முனைக் கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார்கள்.

சார் புவியைப் பற்றிப் பேசவே மாட்டார். கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை வீடு வீடாக ஏறுவார். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மகள் பிரசவத்தையும் மாமியார் மூட்டுவலியையும் விசாரித்துவிட்டு, எழுந்திருக்கும்போதுதான், நாளைக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்பார். இதென்ன, கல்யாணத்துக்கு அழைக்கிறீர்களா என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"ஆமாங்க. நேர்ல வந்து கூப்பிடாத கல்யாணத்துக்கு நீங்க போவீங்களா?"

பத்திரிகையைத் தபாலில் அனுப்பியதற்காக மைத்துனன் வீட்டோடு நான் பேச்சை நிறுத்தியிருந்த சமயம் அது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், வடிகால் கட்டுவதற்காகத் தெருவின் புங்கமரங்களை வெட்ட ஏற்பாடானது. ஞாயிறன்று பார்வையிட வரும் அதிகாரி, ஜனங்கள் வந்து கேட்டால் வடிகாலை எதிர்ப்பக்கம் மாற்றலாம் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை சார் காய்ச்சலில் படுத்துவிட்டார். என்னைப் போகச் சொன்னார். சித்திரை வெயில். மின்விசிறிக்கு அடியில் சாய்ந்தபடி வாட்ஸ்அப்பில் அழகாக ஒரு செய்தி அனுப்பினேன். கட்டைவிரல்கள் குவிந்தன.

ஞாயிறு காலை வந்தது நான், காய்ச்சலோடு சார், இஸ்திரி போடுகிறவர். அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார், நல்ல மனிதர். அந்த வாரமே மரங்கள் போயின.

"எல்லா வீட்டுக்கும் போனீங்களா?" என்று சார் கேட்டார்.

போனேன் என்றேன். எத்தனையோ பக்கங்கள் புளுகியிருக்கிறேன்; அவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் புளுகியதில்லை.

அவர் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. குழுவும் அதோடு கலைந்தது. போன ஐப்பசியில் இறந்துபோனார். உண்மையைச் சொல்ல நான் நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் பார்ப்பதில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது.

இப்போது பக்கத்துத் தெரு வேப்பமரங்களுக்கு அதே ஆபத்து. இந்த முறை நானே படியேறுகிறேன். எங்கள் தெருக் கோடி வீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்தார். மூட்டுவலியை விசாரித்தேன், சாரைப் போல வரவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே, மரமில்லாத தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு சார் வருவாருன்னு சனிக்கிழமை பூரா வாசலையே பார்த்துட்டிருந்தேங்க. வரலை. நம்ம வீட்டை மட்டும் விட்டுட்டாருன்னு நெனச்சேன். மறுநாள் கதவைச் சாத்திட்டு உள்ளயே இருந்துட்டேன்."