நாற்காலிக் கையின் வளைவு

என் லேசர் இயந்திரம் மரம் செதுக்கும் ரூட்டர் கருவிக்கான டெம்ப்ளேட்டை, மாதிரி அச்சை, ஒட்டுப்பலகையில் வெட்டுகிறது. நாற்காலிக் கையின் வளைவு அது. கருகல் வாசனை எழுந்ததும் பல்லைக் கடிக்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் அப்பாவின் தச்சுப் பட்டறையும் இப்படித்தான் நாறும். நாற்காலிக் கைகள் ஒன்றுபோல் வரவில்லையென்று அவர் ஒருநாள் ஆட்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் ஒட்டுப்பலகையில் அந்த வளைவை அறுத்துத் தேய்த்துக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் கோடு போட்டு எல்லாக் கைகளையும் அறுத்தார். வேலை முடிந்ததும் அதையே வஜ்ஜிரப் பசை காய்ச்சும் அடுப்பில் திணித்தார்.

"பொட்டப்புள்ள செஞ்சதுன்னு தெரிஞ்சா எவன்மா வேலை குடுப்பான்?"

இன்று அப்பா என் பட்டறை வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் என் வேலையைப் பற்றிப் பெருமை பேசுகிறார்: "எல்லாம் எங்கிட்ட கத்துக்கினதுதான்."

இயந்திரத்தை நிறுத்துகிறேன்.

"அடுப்புல போட்டு எரிச்சியே, அதையும் சேத்துச் சொல்லுப்பா!"