ஜெயசீலி டீச்சரின் வெள்ளை அந்துப்பூச்சி

போன மாதம் ஒரு காலையில், தேனியில் என் மகன் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போடியிலிருந்து போன் வந்தது. சர்ச்சில் மணியடிக்கும் தாவீது. "டீச்சர், நம்ம ஜெயசீலி டீச்சர் தவறிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக" என்றார். "மகளுக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களும், அவரிடம் படித்து ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை வாங்கியவர்களும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

போடியில் ஒரே பள்ளியில் அவர் விலங்கியல், நான் தாவரவியல். இருவருக்கும் ஒரே ஆய்வகம். மற்ற டீச்சர்கள் எங்களைப் 'புழுவும் இலையும்' என்பார்கள். தின்னப்பட்டது எப்போதும் நான்தான். "கண்ணால பாக்காததை வரையாதே" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவார் ஜெயசீலி. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, சுவரில் இருந்த பூச்சிப் பெட்டியைப் பார்த்து, "அழகான வண்ணத்துப்பூச்சி" என்று பாராட்டினார். தலைமையாசிரியை பூரித்துப்போய் நின்றார். "அந்துப்பூச்சி ஐயா. உணர்கொம்பு நுனியில குமிழ் இல்ல பாருங்க" என்றார் ஜெயசீலி. அதிகாரி டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். "சந்தோஷமா சொன்னாக, விட்டா என்ன கெட்டுப்போகும்?" என்று நான் கடிந்துகொண்டேன். "தப்பை விட்டா அது குட்டி போடும் டீச்சர்" என்றார்.

அன்று பெட்டியில் இருந்தது அவருடைய செல்லப் பூச்சி. குச்சனூரில் என் அண்ணன், நெல் நடுவதற்கு முன் உரத்துக்காகச் சணப்பு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவார். வரப்போரம் ஒரு பாத்தியை மட்டும் விதைக்கு விடுவார். அதில் காய் பிடித்ததும் ஜெயசீலி அங்கே ஆஜர். "உங்களுக்காக மருந்தே அடிக்கல டீச்சர். நம்ம ஊர்ச் சனீஸ்வரனுக்கு நேர்ந்து விட்டிருக்கியான்னு ஊர்ல கேக்குறாக" என்பார் அண்ணன்.

செடிக்குள் காலை வைத்தால் வெள்ளையாக ஒன்று எழும்பும். நாலடி பறந்து மறுபடி இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும். சிறகை மடித்து உட்கார்ந்தால் சணப்புக்காயில் பாதி நீளம்தான் இருக்கும். முன்சிறகு வெள்ளையில் கருப்புப் புள்ளிகள், நடுநடுவே குங்குமம் தெறித்தாற்போல் சிவப்பு. பின்சிறகு சுத்த வெள்ளை, ஓரத்தில் மட்டும் கருப்பு. அதன் புழு பச்சைக்காயைத் துளைத்து விதையைத் தின்னும், இலையையும் தின்னும். சணப்பு, கிலுகிலுப்பை வகைச் செடிகளை விட்டால் அநேகமாக வேறு எதையும் தொடாது. அந்தச் செடியின் நஞ்சு பூச்சியின் உடம்பில் தங்கிவிடுவதால் குருவிகள் அதை விட்டுவிடும். தாய் அதில் ஒரு பங்கை முட்டைக்கும் கொடுத்துக் காவல் வைக்கும். "பாருங்க டீச்சர், கசப்பைச் சீதனமாக் குடுக்குது" என்று சொல்லிச் சிரித்தார் ஜெயசீலி.

அவருடைய கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள் பியூலாவைத் தனியாக நின்று வளர்த்தார். அவள் சென்னையில் வேலை பார்த்த இடத்தில் ஓர் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். ஜெயசீலி மகளோடு பேச்சை நிறுத்தினார். நான் அப்போது பக்கத்து வீடு. ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வந்ததும் பியூலாவின் போன் அடிக்கும். எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க." சொல்வேன். "சாப்பிட்டாளான்னு கேளுங்க." கேட்பேன். தமிழுக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்படியே சில வருடங்கள் போயின. ஒருநாள் ஆய்வகத்தில் பழைய பூச்சிப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவர், இந்த அந்துப்பூச்சி எங்கெல்லாம் உண்டு என்ற வரியைச் சத்தமாக வாசித்தார். இந்தியா, இலங்கை என்று தொடங்கி ஆஸ்திரேலியாவில் முடிந்தது. கடைசிப் பெயரை இரண்டாம் முறை வாசித்தார். "அங்கனயும் இருக்காம் டீச்சர்" என்றார்.

அந்த ஞாயிறு போனை என்னிடம் தரவில்லை. "உங்க ஊர்ல கிலுகிலுப்பைச் செடி இருக்கா?" என்று கேட்டார். இத்தனை வருடம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு அது! அந்தப் பக்கம் பியூலா விம்முவது எனக்கே கேட்டது. "அழுதா எப்படித் தெரியும்? போய்ப் பாரு" என்றார் ஜெயசீலி.

சில வாரம் கழித்து அவள் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல இவர் எனக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னார். "வெள்ளையா... கருப்புப் புள்ளியா... பின்சிறகு சிவப்பா... புழு பீன்ஸ் இலையைத் திங்குதா..." நான் சிவப்பு மைக்குக் காத்திருந்தேன். "ஆமாம்மா, அதேதான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

"பின்சிறகு சிவப்பா டீச்சர்? பீன்ஸ் திங்குமா?" என்றேன்.

"கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தோட்டமெல்லாம் தேடியிருக்கா. இல்லைன்னு சொல்லச் சொல்றீகளா?" என்றார். கண் நிறைந்திருந்தது. எனக்கு அவரை அதற்கு முன்பும் பிடிக்கும். அன்று முதல் இன்னும் பிடித்துப்போயிற்று.

பிறகு ஞாயிறுதோறும் பூச்சி விசாரிப்புத்தான் முதலில். அதன் பின்னால் பேரனுக்குப் பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் வரும். ஆனால் 'வா' என்று இவர் சொல்லவில்லை. 'வரட்டுமா' என்று அவளும் கேட்கவில்லை. சணப்பு காய்க்கும் நாட்களில் வயல் வரப்பில் நின்று, "அந்தப் பயலுக்கு இதைக் காட்டணும்" என்பார். நான் பிடித்துக்கொள்வேன். "வாடின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். முத்தா உதிர்ந்துரும்?"

"கூப்பிட்டு அவ வரலைன்னா, ஞாயித்துக்கிழமையும் போயிரும்ல டீச்சர்" என்றார்.

அடக்கத்துக்கு முன் பியூலா வந்து சேர்ந்துவிட்டாள். மகனையும் கூட்டி வந்திருந்தாள். கல்லறையில் கூட அவள் அழவில்லை. இரண்டு நாள் கழித்து, "அம்மா பூச்சி பாக்கப் போற வயலுக்குக் கூட்டிப் போங்க ஆன்ட்டி" என்றாள். அண்ணனின் பாத்தியில் காய் பிடித்திருந்தது. பையன் செடிக்குள் இறங்கியதும் ஒன்று எழும்பியது. பியூலா அதைப் பூப்போலப் பிடித்து, சிறகை விரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் சொன்னது இது இல்லையே ஆன்ட்டி."

"இல்லம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

பூச்சியை விட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. "தப்புன்னு திட்டியிருக்கலாம்ல. வாடி, சரியானதை இங்கன வந்து பாருன்னு சொல்லியிருந்தா அடுத்த பிளேன்ல வந்திருப்பேனே. கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜெயசீலி டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. பியூலா இப்போது எனக்குப் போன் செய்கிறாள். ஊர் திரும்பியதும் அவள் பேசிய முதல் ஞாயிறே, "அடுத்த வருசம் சணப்பு காய்க்கும்போது வாடி" என்றேன். "வர்றேன் ஆன்ட்டி" என்றாள், யோசிக்கக்கூட இல்லாமல். அந்த ஒரு வார்த்தை வராமல் போய்விடுமோ என்று இத்தனை வருடம் பயந்து கிடந்த என் ஜெயசீலி, அதைக் கேட்க இல்லை.